தவளை-37

பொத்தி துறைமுகத்தில் காகிதமும் வியர்க்கும்.
ரியோனி ஆறு கருங்கடலுக்குள் நுழையும் முனையில்
தானியக் கிடங்கு, அதன் எடைமேடை,
வெளியே விளக்கணைக்காத மக்காச்சோள லாரிகள்.
இரவு இரண்டேகால்.
ரசீது அடிக்கும் பொறி
ஈரத்தாளை மென்று, விக்கி,
ஓய்ந்துவிட்டது.

படிக்கட்டின் அடியில் இன்னொன்று கிடந்தது,
‘பழுது’ என்று என் கையெழுத்திலேயே சீட்டு ஒட்டி.
தூசி தட்டினேன். கம்பி செருகினேன்.
பச்சை விளக்கு
ஒன்றும் நடக்காதது போல எரிந்தது.

கறுப்புத் திரை.
கேட்டால் சொல்லும், கேட்டதை மட்டும்.
எல்பிஸ்டாட் என்று தட்டி
மைனஸ் டி சேர்த்தேன்: ஒளிக்காமல் எல்லாம் சொல்.

பகாகி, என்றது.
எங்கள் ஜார்ஜிய மொழியில் தவளை.
வாயகன்ற பொறிக்கு
நான்தான் வைத்தேன் அந்தப் பெயரை.
பகாகி வேலைகளை ஏற்கிறது.
பகாகி முடக்கப்பட்டுள்ளது.
அடுத்தடுத்த வரிகள்,
ஒன்றையொன்று அறியாதவை.

அச்சு வரிசைக்கு இரண்டு கதவு.
வாசலில் வேலை உள்ளே வரும்,
கொல்லையில் தாளாகி வெளியே போகும்.
வாசல் திறந்து கொல்லை அடைத்திருந்தால்
வந்தவருக்கெல்லாம் எண் கொடுத்து
உட்காரச் சொல்லும்.
கூப்பிடாது.

உள்ளே ஒரே ஒருவர்.
பகாகி-37. கோச்சா. மூன்று வருடம் முந்தைய மார்ச்.

முப்பத்தேழு எனக்குத் தெரியும்.
மற்றவர்கள் கத்திவிட்டு வேறு பொறிக்குப் போனார்கள்;
கோச்சா எண்ணை நம்பினான்.
தொப்பியைக் கசக்கிக்கொண்டு ஜும்பரின் மேசை முன் நின்றான்.
“லீவு கேட்டு அனுப்பினேன். நம்பர்கூடக் கொடுத்தது.”
“என் தட்டில் தாள் இல்லை.
தவளை கொடுத்த நம்பரைத் தவளையிடம் காட்டு.”
அறை சிரித்தது.
நானும், கொஞ்சம்.
சொல்லாமல் வராதவன் என்று எழுதி
அந்த வாரமே கணக்கு முடித்தார்கள்.
போலந்தில் எங்கோ டிரக் ஓட்டுகிறானாம்.

அன்று நான் தட்டியதைக் குறித்துவைத்த கோப்பு
இன்னும் இருந்தது.
எல்பிஅட்மின், மைனஸ் பெரிய ஈ,
மைனஸ் பி, பகாகி.
பெயருக்குப் பின்னால் வந்தால்
அந்த ஈக்குத் ‘திற’ என்று பொருள்.
முன்னால் வந்தால் ‘மறைகுறியில் பேசு’.
தவளைக்கு முன்னால் ஈயை வைத்துவிட்டேன்.
வேலை வாங்க மறுத்தது; அவசரத்தில்
வாசலை மட்டும் தனியாகத் திறந்துவிட்டேன்.
கொல்லைப்பக்கம் போய்ப் பார்க்கவில்லை.
தாள் வராததற்குப் பொறியைக் குற்றம் சொல்லி
சீட்டு ஒட்டினேன்.

கேன்சல் என்றொரு கட்டளை உண்டு.
பெயரும் எண்ணும் போதும்,
ஏன் என்று கேட்காது.
கேன்சல் வரை தட்டினேன்.
வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது, நீளமாக.
எழுத்தெழுத்தாக அழித்தேன்.

கப்ஸ்எனேபிள் பகாகி.

இருமிற்று. உருளை இரண்டு சுற்றுச் சுற்றி
வெதுவெதுப்பாய் ஒரு பக்கம்:

பட்டோனோ ஜும்பர்,
மகள் மரேகிக்குப் பதினான்காம் தேதி
குட்டாயிசியில் கண் அறுவை.
இரண்டு நாள் போதும்.
வியாழன் இரவைப் பத்ரி பார்த்துக்கொள்வான்,
கேட்டுவிட்டேன்.

கீழே பேனாவால் எழுதினேன்:
ஈ இடம் மாறிவிட்டது. மாற்றியது நான். நாட்டெலா.
ஜும்பரின் தட்டில் வைத்தேன்,
தட்டில்தானே இல்லை என்றார்.
அதே வேலையை இன்னொரு முறை ஓட்டி
அந்தப் பிரதியைச் சட்டைப்பையில் மடித்துக்கொண்டேன்.
பத்ரியிடம் முகவரி இருக்கலாம்.
அந்தக் கண் இப்போது எப்படி என்று
பத்ரியைக் கேட்க வேண்டும். கேட்க முடியுமா தெரியவில்லை.

பிறகு லாரிக்கு ரசீது அடித்தேன்.
இருபத்துநான்கு டன், முந்நூற்றுப் பத்துக் கிலோ.
முதல் தடவையே வந்தது.
ஓட்டுநர் ஜன்னல் வழியே வாங்கினார்,
பார்க்காமலே மடித்து
சூரிய மறைப்புப் பலகையில் செருகிக்கொண்டார்.