சிவப்பு ஒயர், நீல ஒயர்

பெட்டியின் விலாவில் ஒட்டிய கண்ணாடிக் குப்பியில்
சாயம் சிவக்கவில்லை.
பதினோரு நாள் கடல் உலுக்கியும்
எவரும் இதைக் கீழே போடவில்லை என்று அர்த்தம்.
கையெழுத்துப் போட்டேன்.

புந்தா அரேனாஸில் ஜூலை.
காலை ஒன்பதரை, இன்னும் விடியவில்லை.
தெருமுனையில் காற்றுக்காகக் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி
நோயாளிகள் வந்துகொண்டிருக்கிறார்கள்.
ஆஸ்பத்திரி நிலவறையிலோ
காற்று காசு கொடுத்து வாங்கியது:
பதினெட்டு டிகிரி, ஈரம் அளந்து.

நவுவெல்கினும் நானும்
தூக்குமுன் தட்டுகளை உருவி அடுக்கினோம்.
வெறுங்கூடே நாற்பது கிலோ.
தண்டவாளத்தில் ஏற்றும்போது விரல் நசுங்கி
அவன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.
அவன் தீவில் அதை
வலை கிழித்த மீனுக்கு மட்டும்தான் சொல்வார்களாம்.

இந்த இயந்திரம் பூஜ்யத்திலிருந்து எண்ணும்.
முதல் இடம் பூஜ்யம், கடைசி இருபத்து மூன்று.
ஒன்றிலிருந்து தொடங்கியவன்
கையில் ஒரு தட்டோடு
இருபத்து நான்காம் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

எக்ஸ்ரே பிரிவின் டாக்டர் ஒயார்சூன் எட்டிப் பார்த்தார்.
“நேற்று எடுத்த நுரையீரல் எந்தத் தட்டில் இருக்கும்?”
எதிலும் இருக்காது, டாக்டர்.
துண்டு துண்டாய் எல்லாவற்றிலும்.
பத்துப் பேர் ஹோட்டலில் சாப்பிட்டோம்,
மொத்தத் தொகையை ஒரு சீட்டில் குறித்தோம் என்று வையுங்கள்.
ஒருவன் தன் கணக்கை மறந்தாலும்
மற்றவர்களைக் கூட்டிக் கழித்தால்
அவன் தின்றது தெரிந்துவிடும்.
“இருவர் மறந்தால்?”
அதற்கு இன்னொரு சீட்டு, வேறு விதமாய்க் கூட்டியது.
“மூவர்?”
மூவர் மறந்தால், டாக்டர்,
அன்றைக்கு நாம் சாப்பிடவே இல்லை.

சிரிக்காமல் போனார்.

எல்லாம் இதில் இரண்டு.
மூளை இரண்டு, ஒன்று மயங்கினால் மற்றது பொறுப்பேற்க.
பாதை இரண்டு. மின்சாரம் இரண்டு.
கூடவே எதுவும் செய்யாமல் சுற்றும் ஒற்றைத் தட்டு,
யாராவது சாகக் காத்திருக்கும் சம்பளக்காரன்.
சிவப்பு ஒயர் இடச்சுவருக்கு, நீலம் வலச்சுவருக்கு.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
வரைபடத்தைச் சரிபார்த்தேன்.
இரு சுவர், இரு மூலம்.

தரை மெருகிடும் இயந்திரத்தோடு
வாசலில் காத்திருந்த எல்சிரா சொன்னாள்:
“அதுவும் இதுவும் ஒன்றுதானே.”
எது?
“ரெண்டு பிளக்கும்.
இதில் என் மெஷின், அதில் காவலாளி கெட்டில்.
சேர்த்துப் போட்டால் தாழ்வாரமே இருட்டு.
ஆறு வருஷமாய் இப்படித்தான்.”

வரைபடம் அப்படிச் சொல்லவில்லை.
நவுவெல்கின் சுவர்ப்பெட்டியைத் திறந்து
ஒரே ஒரு விசையைக்
கீழே தள்ளினான்.

இரண்டு பச்சையும் போயின.
தட்டுகள் சுழல் தளர்ந்து, தளர்ந்து,
பிறகு எங்கள் மூன்று பேரின் மூச்சு மட்டும்.
நல்லவேளை, உள்ளே இன்னும்
ஒரு எலும்பும் குடியேறவில்லை.
சுவர் மாறி முளைத்திருந்தாலும்
இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

மூன்று நாள் ஆனது.
எலக்ட்ரீஷியன் கோயிச்
ஜெனரேட்டர் பக்கமிருந்து புதுக் கம்பி இழுத்தார்.
துளைத்த சுவரின் தூசு
இன்னும் என் தலையில் இருக்கிறது.

படங்கள் எல்லாம் இடம்பெயர்ந்து முடிந்த இரவு
எல்சிராவைக் கூப்பிட்டேன்.
“பிடுங்கு.”
“நானா?”
“சிவப்பை.”
கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுப் பிடுங்கினாள்.

விசிறிகள் ஒருமுறை உரக்க விழுங்கிக்கொண்டன.
மஞ்சள் விளக்கொன்று முறைத்தது.
நீலம் தாங்கியது.
மூன்றாம் மாடியில்
நண்டுப் படகுக்காரன் ஒருவனின் முறிந்த மணிக்கட்டு
திரையில் திறந்தது.
திறந்தவர் கொட்டாவி விட்டதாகக் கேள்வி.

சிவப்பு பிளக்குக்கு மேல் காகிதம் ஒட்டினேன்:
‘இங்கே மெருகு இயந்திரம் செருகக் கூடாது.’
மறுநாள் அதன் அடியில், பென்சிலில்:
‘சொன்னதே நான்தான்.’