கடுக்காய்க் கணக்கு

ஏமாற்றிவிட்டுப் போனால்
கடுக்காய் கொடுத்துவிட்டான் என்பார்கள்
கீழே சேலத்தில்.
மூட்டை மூட்டையாகக் கடுக்காய் கொடுத்தது நாங்கள்.
ஏமாந்ததும் நாங்களேதான்.

தை பிறந்தால் பதினேழாம் வளைவில்
வேனை நிறுத்துவார் செவ்வாய்ப்பேட்டை சம்பந்தம்.
தகர வள்ளத்தை எடுத்து வைப்பார்.
அடியைத் தட்டித் தட்டி
தொப்பை போட வைத்த வள்ளம் அது.
நிறைந்த பிறகும் கூம்பாகக் குவித்து
சரியாமல் உள்ளங்கையால் அணைத்துக்கொண்டு
"ரெண்டு கிலோ. மேல நிக்குறது காட்டுக்குக் கொசுறு" என்பார்.
காடு அதை வாங்கிக்கொண்டு
நான் பார்த்ததில்லை.

போன ஐப்பசி மழையில் பத்திரம் வந்தது,
சமூக வன உரிமை என்று,
பிளாஸ்டிக் உறைக்குள் வரைபடத்தோடு.
கரடு, ஓடை, ஈச்சம்புதர், கோயில் பாறை
எல்லாம் அதில் என் சுண்டுவிரல் நகத்தளவு.
எல்லையை நடந்து பார்த்தோம்.
ஒரு பகலும்
என் புதுச் செருப்பின் வாரும் போயிற்று.

லீ பஜாரில் தராசு வாங்கினோம்,
சிவப்பு எண் எரிகிற தராசு.
மடியில் வைத்துக்கொண்டு வந்தும்
கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
முதலில் அதில் ஏறியது கடுக்காய் இல்லை,
பாப்பாயியின் ஆறு மாதக் குழந்தை.
அப்புறம்
சம்பந்தம் எங்களிடமே விட்டுவைத்திருந்த வள்ளத்தில்
அவரைப் போலவே குவித்து, அவரைப் போலவே அணைத்துக்
கொட்டினோம்.
மூன்று கிலோ நூற்றிருபது.
யாரும் கத்தவில்லை.
குழந்தை மட்டும் அழுதது,
அதற்கு வேறு காரணம்.

கிளை ஒடிக்கக் கூடாது.
மூன்றில் ஒரு பங்கு மரத்தடியிலேயே கிடக்க வேண்டும்,
மானுக்கும் முளைக்கவும்.
இதில் சண்டை இல்லை.
வெள்ளச்சிக்குப் பங்கு உண்டா என்பதில்தான்
கரண்ட் போய், வந்து, மறுபடி போகும்வரை
சபை கலையவில்லை.
கடுக்காய் மரத்திலிருந்து விழுந்துதான்
அவள் முட்டி போனது.
"பொறுக்காத கைக்கு என்ன பங்கு?"
என்றான் பூச்சான்.
"நான் பொறுக்குனப்ப எவன் பங்கு குடுத்தான்?"
என்றாள் அவள், இருட்டிலிருந்து.
காயும் களத்தில் ஆடு ஓட்டுவதும் வேலை
என்று எழுதிக்கொண்டேன்.
எட்டாவது வரை படித்ததால்
புத்தகம் என்னிடம்.

மாசி மூன்றாம் வாரம்
என் வீட்டுக்காரர் சடையன்
ஒரே நாளில் அறுபத்து நாலு கிலோ கொண்டுவந்தார்.
ஒரு ஆளால் அவ்வளவு பொறுக்க முடியாது.
சிவப்பு எண்ணைப் பார்த்தேன்.
கோணிக்குள் கை விட்டேன்.
காம்பு. காம்பில் இலை.
வாடக்கூட ஆரம்பிக்காத பச்சை இலை.

ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.
"மூணு நாளா பிரிச்சு எழுதினா
யாருக்குத் தெரியும்?"
மகளின் ஹாஸ்டல் பணத்துக்கு
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
அதை இருவரும் சொல்லவில்லை.

அபராதத்துக்குப் புத்தகத்தில் பத்தி இல்லை.
மகளின் பழைய ஸ்கேலை வைத்து
நானே கோடு இழுத்தேன்.
தேதி. சடையன். ஓடைக்கரை மரம், ஒரு கிளை.
காய் சங்கத்துக்கு. ரூபாய் ஐந்நூறு.
கட்டியவர்: மனைவி.
வரவு வைத்தவர்: நான்.
இரண்டு இடத்திலும் ஒரே கையெழுத்து,
இரண்டாவது கொஞ்சம் கோணல்.

அந்த வருஷம் சம்பந்தம்
எங்கள் தராசில்தான் எடுத்தார்.
கூம்பு இல்லாத மூட்டையைப் பார்த்து
"கொசுறு?" என்றார் பழக்கத்தில்.
வெள்ளச்சி ஆடு ஓட்டும் கோலை
மெல்லத் தரையில் ஊன்றினாள்.

ஹாஸ்டலுக்கு ஒரு வாரம் தவணை கேட்டு
பங்குப் பணத்தில் கட்டினோம்.
மிச்சம் இருநூற்றுப் பத்து.

சித்திரையில் ஓடைக்கரைக்குப் போனேன்.
எனக்கு முன்னாலேயே
அவர் அங்கே நின்றிருந்தார்.
வெட்டுவாயில் பிசின் வடிந்து
கெட்டியாகியிருந்தது.
விரலால் தொட்டுப் பார்த்தேன்.
இதை எந்தப் பத்தியில் எழுதுவது?