ஒன்று அல்லது இரண்டு

தண்ணித் தொட்டி வளைவில்தான்
சிக்னல் ரெண்டு கோடு நிற்கும்.
கூடையோடு அந்த இடம் வந்தால்
படங்குக்குள் போன் துடிக்கும்,
தவளைக் குஞ்சு மாதிரி.

"வணக்கம் அலகம்மை.
காலை மாத்திரை போட்டீர்களா?
ஆம் என்றால் 1. இல்லை என்றால் 2."

அழகம்மை நான்.
அடையாள அட்டை எழுதியவருக்கு ழகரம் வரவில்லை.
முப்பத்தேழு வருஷமாக
அரசாங்கத்துக்கு நான் அலகம்மை.
கிளினிக்காரர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள்.
ஆனாலும் கூப்பிடுகிறார்கள்.

பொகவந்தலாவையில் கிளினிக் மாசத்துக்கு ஒருநாள்.
மிச்ச நாளெல்லாம்
சீனி என் ரத்தத்தில் கேட்பாரில்லாமல் திரியும்.

ஒன்று அனுப்பப் பழகிவிட்டேன்.
போட்டாலும் ஒன்று.
வெறும் வயிற்றில் போட்டுத் தலை சுற்றி
தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றும் ஒன்று.
"அரை மணி நேரம் நடந்தீர்களா?"
சிரிப்பு வந்தது.
இருபது கிலோ இல்லையென்றால் அரைப்பேர்;
நான் நடக்காமல்
கொழுந்தா நடந்து வரும்? ஒன்று.
பத்து மணிச் சாயத்தண்ணிக்கு
உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொள்வது
போனுக்குத் தெரியாது. ஒன்று.

செவ்வாய்க்கிழமை, மழை.
"இன்று உங்கள் பாதங்களைப் பார்த்தீர்களா?"

பாதத்தை யார் பார்க்கிறார்கள்?
சவுக்காரம் பூசிக்கொண்டு மலை ஏறுவோம்,
இறங்கினால் கழுவுவோம்.
அன்றைக்கு என்னவோ, கேட்டுவிட்டார்களே என்று
தொட்டிச் சுவரில் உட்கார்ந்து
செருப்பைக் கழற்றினேன்.

செருப்பு நிறைய ரத்தம்.
பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவில்
ஓர் அட்டை, உருண்டு,
விழப்போகிற நாவல்பழம் மாதிரி.
பக்கத்தில் இன்னொன்று
தின்றுவிட்டுப் போன வாய்.
சின்ன வயதில் ஒன்று ஏறினாலே
மலை அதிரக் கத்தியவள் நான்.
விரலைக் கிள்ளிப் பார்த்தேன்.
யாருடைய விரலையோ கிள்ளியது போல இருந்தது.

இதற்கு ஒன்றா, இரண்டா?
மகள் காட்டித்தந்த எழுத்துகளைத்
தேடித் தேடி அமுக்கினேன்:
"அட்ட கடிச்சது தெரியல."

உடனே வந்தது:
"மன்னிக்கவும். 1 அல்லது 2 மட்டும் அனுப்பவும்."

சரி என்று கூடையைத் தூக்கினேன்.
பதினேழு கிலோ. அதிலும்
மழைத்தண்ணிக்கென்று ரெண்டைக் கழித்தார்கள்.

மறுநாள் விடிய, அதே வளைவில்
போன் மூன்று தரம் துடித்தது.
"நான் நர்ஸ் தீபானி. அது மெசின், கவனிக்க வேணாம்."
"எந்த கால்? எந்த விறல்?"
"கிளினிக் நால் வரைக்கும் இருக்க வேணாம். இன்டைக்கே வாங்க."

பிழையான எழுத்து.
ஆள் எழுதிய எழுத்து.

மேலே கணக்கப்பிள்ளை
பேர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.
போனால் இன்றைய பேர் போகும்.
நேற்றைய அரைப்பேரோடு சேர்த்தால்
அரிசிக்கடைக்கு என்ன சொல்வது?

வலது, என்று எழுதினேன்.
பெருவிரல்.
பிறகு, கேட்காமலே,
என் பேர் என்று தொடங்கி
ழ எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டிருந்தேன்.
கீழே பாலத்தில்
ஏழேகால் பஸ் ஹோர்ன் அடித்தது.