ஏழே முக்கால்

சென்னையில் அச்சான நாட்காட்டி
சப்தமி ஐந்தே காலுக்குப் பிறக்கும் என்கிறது.
இரண்டரை மணி கூட்டு என்றார் இவர்,
மின்தூக்கிப் பழுதுகளைக் குறிக்கும் நோட்டின் பின்னட்டையில்
கூட்டியும் காட்டினார்.
ஏழே முக்கால்.
ஈசூனில் சூரியன் ஏழேகாலுக்கே ஏறிவிடும்.
அரைமணி நேரம் அது
சஷ்டியிலேயே நின்றாக வேண்டும்,
வேலைக்குச் சீக்கிரம் வந்துவிட்டவன்
பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பதுபோல.

உதயத்தில் இருப்பதே திதி,
நாளைக்குச் செய்யுங்கள் என்றார்கள் கோயிலில்.
நாளை எனக்கு ஐந்தாவது மருந்து.
எட்டு மணிக்கு ரத்தம் எடுக்க வரச் சொல்லி
குறுஞ்செய்தி இரண்டு முறை வந்தாயிற்று.

முப்பது வருடம்
என் சஷ்டியைப் பட்டினி என்றும்
என் கார்த்திகையைச் சிக்கனம் என்றும் சொன்னவர்
புண்ணியமூர்த்தி.
பெயரோடு சரி.
ஏழு எருக்கிலை வைத்துக் குளித்தால்
உடம்பில் ஏறியது இறங்குமாமே என்று
அவர்தான் இப்போது கேட்கிறார்.

தேக்காவில் வெற்றிலை உண்டு, வேப்பிலை உண்டு,
ரப்பர் வளையம் போட்ட அறுகம்புல் உண்டு.
எருக்கா, சொல்லிவைக்கிறேன் அண்ணே என்றாள் கடைக்காரி.
கால்வாயோரச் செடியில் கைவைத்தால் அபராதம்.

கடைசியில் எங்கள் புளோக்கின் கீழேயே இருந்தது,
சமூகத் தோட்டத்தில்.
மிஸ்டர் செங் வண்ணத்துப்பூச்சிக்கென்று வளர்ப்பது.
எதற்கு என்றார். குளிக்க என்றார் இவர்.
செங் முதலில் புழுக்களை எண்ணினார்,
பிறகு இலைகளை,
ஏழை மட்டும் கிள்ளித் தந்தார்.
எட்டாவது கேட்காதே, பிள்ளைகளுக்குப் பசிக்கும்.

சண்டை முற்றினால் என் பெரியத்தை
உன் வீட்டில் எருக்கு முளைக்க என்பாள்.
பதினொன்றாம் மாடிக்கு அது
ரொட்டிப் பையில் வந்து சேர்ந்தது,
காம்பில் பால் கசிய.

சாப்பாட்டு மேசையில் பரப்பினார்.
தலைக்கு ஒன்று, தோளுக்கு, முட்டிக்கு, பாதத்துக்கு
இரண்டிரண்டு.
எதிரே குளிர்பதனப் பெட்டியில்
காந்தம் பிடித்துவைத்த தாள்:
மண், பூ, செடிச்சாறு, தொட வேண்டாம்.
வெள்ளணு எண்ணிக்கை சிவப்பில் வட்டமிட்டு.
பக்கத்தில் தாதி நூருல் வரைந்த சிரிப்பு முகம்.

படித்தார். மறுபடியும் படித்தார்.
என் தலையைப் பார்த்தார்.
ஓர் இலை உட்காருவதற்கென்றே
யாரோ துடைத்து வைத்ததுபோல இருந்தது எனக்கே.
விடுங்கள், திதி எங்கே ஓடிவிடப் போகிறது என்றேன்.
ஓடும். இனி அடுத்த தைதான் என்றார்.
அடுத்த தை என்பதை
இருவரும் கேட்டோம்.

ஏழு நாற்பதுக்குக் குளியலறை விளக்கு எரிந்தது.
அந்தச் சன்னல் கிழக்கில் இல்லை.
எதிர் புளோக்கின் சுவரில் வெயில் விழுந்திருந்தது,
அது போதும் என்று விட்டார்.
கதவைச் சாத்தவில்லை.
இடுப்பில் துண்டு,
தலையில் ஒன்று, தோளில் ஒவ்வொன்று,
முட்டியில் நிற்காததைக் கையால் அமுக்கி,
தொப்பை குறுக்கே வர
பாதத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.
மடலேறும் ஆண்கள்
எருக்குச் சூடித் தெருவில் வருவார்களாம்,
பெண் தராத ஊர் நாணும்படி.
உயர்நிலை மூன்றில் அதைப் படித்துச் சிரித்தோம்.

மந்திரம் தெரியாது அவருக்கு.
என் முழுப்பெயரைச் சொன்னார்,
பிறகு பிறந்த தேதி,
பிறகு அடையாள அட்டை எண்ணின் கடைசி நான்கு,
மருத்துவமனை முகப்பில் கேட்கிற அதே வரிசையில்,
ஆள் மாறிவிடக் கூடாதென்று.
பிறகுதான் தண்ணீர்.

வடிகால் அடைத்துக்கொண்டது.
தோளிலிருந்து விழுந்த இலையின் அடியில்
வரிவரியாய் ஒரு புழு,
நனைந்தும் விடாமல்.
ஈரத் தலையோடு, சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு,
அதை உள்ளங்கையில் ஏந்திக் கீழே போனார்.
மின்தூக்கிக் கதவு மூடும் ஓசை கேட்டது.
சட்டை திருப்பிப் போட்டிருக்கிறீர்கள் என்று
சொல்ல முடியவில்லை,
நாக்கின் அடியில் வெப்பமானி.