மார்ச் வரை

விற்கிறதென்றால் இந்த மழைக்கு முன்னம் விற்கவேணும்
என்கிறார் கேதாரநாதன்,
மின்சாரப் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டபடி.
டிங்கர் வேலைக்கு மட்டும் எண்பதாயிரம்.
இடப்பக்கக் கதவின் அடியை
கடற்காற்று தின்று தின்று
அப்பளமாக்கி வைத்திருக்கிறது.
விரலால் தட்டிக் காட்டினார்.
கொஞ்சம் உதிர்ந்தது.
தட்டாதேங்கோ என்றேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சிட்ரோன், ஜீ.எஸ்.
தொண்ணூற்றாறில் சீட்டுக்காசு விழுந்த கிழமை
தேயிலை ருசி பார்க்கும் ஒருவரிடம் வாங்கினேன்.
புத்தகம் என் பெயரில்.
அவருக்கு அப்போதும் பிடிக்கவில்லை.
தவளை மாதிரி இருக்குதப்பா என்றார்.
இருக்கிறதுதான்.

இதற்கு ஸ்பிரிங் இல்லை.
பச்சை எண்ணெயும் காற்றடைத்த இரும்பு உருண்டைகளும்
எங்களைத் தாங்குகின்றன.
காலையில் சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருக்கவேணும்.
முதலில் பின்பக்கம் எழும்பும்,
பிறகு முன்பக்கம்,
படுத்த மாடு எழும்புகிற ஒழுங்கில்.
அந்த ஒரு நிமிஷத்தில்
நான் பொட்டைச் சரிபார்ப்பேன்,
கந்தோர்க் கோபங்களை ஒத்திகை பார்ப்பேன்.
ஓய்வு பெற்று நாலு வருஷம்.
இப்போதும் காத்திருக்கிறேன்,
கோபிக்கத்தான் ஆளில்லை.

உருண்டை இங்கே கிடைக்காது.
பஞ்சிகாவத்தை முழுக்கக் கேட்டாயிற்று.
பாரிசிலிருந்து வருகிறவர்களின் சூட்கேசில்
சொக்லேட்டுக்கும் சென்ட் போத்தலுக்கும் நடுவே வரவேணும்.
இரண்டாயிரத்தேழில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு
கட்டுநாயக்காவிலிருந்து வரும் வழியில்
சோதனைச் சாவடியில் மறித்தார்கள்.
குண்டா என்று கேட்டார்கள்.
உருண்டை என்றேன்.
எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் செலவானது அன்றைக்குத்தான்.
கடைசியில் விமலசேன பாஸ் வந்து
பொனட்டைத் திறந்து காட்டி
என்னை மீட்டார்.
அவரும் போன வருஷம் கராஜைப் பூட்டிவிட்டு
மகளோடு குருநாகலுக்குப் போய்விட்டார்.
இதுவும் கணக்கில் வருகிறது,
பில்லின் பின்பக்கத்தில் இடமில்லாவிட்டாலும்.

கொலன்னாவையிலிருந்து நவ்ஷாத் வந்தார் ஞாயிற்றுக்கிழமை.
நல்ல பிள்ளை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார்.
ஹம்டன் லேனில் இறங்கிக் காலி வீதிவரை ஓட்டினோம்.
குழிகள் எங்கே போயின என்று கேட்டார்.
எனக்குக் கொஞ்சம் பெருமை,
அடக்கிக்கொண்டேன்.

திரும்பி வந்து தேத்தண்ணி குடிக்கையில் சொன்னார்:
கலியாணங்களுக்கு வாடகைக்கு விடப்போறன், அன்டி.
இந்த எண்ணெய் வேலையெல்லாம் கழற்றிவிட்டு
நிசான் சனியின் ஸ்பிரிங் நாலு போட்டால்
பிறகு ஒரு கரைச்சலும் இல்லை.
சனியா என்றேன்.
கேதாரநாதன் இருமினார்.

விலை ஒத்துவந்தது.
அட்வான்ஸை எண்ணத் தொடங்கினார்.
ஐயாயிரத்துத் தாள்கள்.
எண்பதாவதோ தொண்ணூறாவதோ தாளில்
வெளியே ஒரு பெருமூச்சு.
நிறுத்திவைத்த வண்டி
மெதுவாக, யாரிடமும் கேட்காமல்,
குந்திக்கொண்டிருந்தது.
சில்லுகளின் மேற்பாதி உள்ளே மறைந்தது.

உடைஞ்சிட்டுதா என்று எழும்பினார் நவ்ஷாத்.
இல்லைத் தம்பி, இருக்குது என்றேன்.
வேலை முடிஞ்சால் அது இருக்கும்.
அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்,
ஐம்பதினாயிரம் குறைக்கலாமா என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான்.
நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.
ஆனால் அந்தக் கேள்வியின் பின்னால்
என்னால் நுழையக்கூடிய ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது,
துருப்பிடிக்காதது.

வரி லைசன்ஸ் மார்ச்சில் முடிகிறது, தம்பி.
அப்ப ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ.

இரவு கேதாரநாதன் ஒன்றும் பேசவில்லை.
மழை தொடங்கியதும்
பழைய மழைக்கோட்டைக் கொண்டுபோய்
அந்தக் கதவின் அடியில் செருகிவிட்டு வந்தார்.
நனைந்த தலையோடு கேட்டார்:
பாரிசில் இப்ப ஆர் இருக்கினம்?