எடைச்சீட்டு

படக் கம்பெனி கழித்துவிட்ட கேரவன்
ஒத்தக்கடையில், யானைமலை நிழல் சாய்கிற பக்கம்
மூன்று வாரமாக நிற்கிறது.
உள்ளே கண்ணாடியைச் சுற்றிப் பதினான்கு பல்பு.
எந்த நடிகர் உட்கார்ந்தது என்று கேட்டவர்களுக்கு
ஜெசிந்தா ஆளுக்கொரு பெயர் சொன்னாள்.

இருவரும் பெரியாஸ்பத்திரி.
அவள் பிரசவ வார்டு, நான் எக்ஸ்ரே.
ஓய்வு பெற்ற பணத்தில் பாதிக்குப் பாதி போட்டு
இதை வாங்கினோம்,
இழுக்க வண்டி இல்லாமல்.

டிராக்டர் போதும் என்றான் என் அண்ணன் மகன்.
கன்னியாகுமரி போய்ச் சேர்வதற்குள்
அடுத்த மாதப் பென்ஷன் வந்துவிடும்.
என் ஆல்டோவே இழுக்கும்க்கா என்றான் ஜெசிந்தாவின் தம்பி.
"இழுக்கும்" என்றார் பழங்காநத்தம் நாகூர்கனி,
ஸ்பானரை லுங்கியில் துடைத்தபடி.
"இழுக்குறது ஒரு வேலையா?
இறக்கத்துல நிக்குமான்னு கேளுங்க."

அன்றிலிருந்து
போவதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு
நிற்பதைப் பற்றியே பேசினோம்.

ஆர்சி புத்தகத்தில் தொள்ளாயிரம் கிலோ.
கப்பலூர் எடைமேடை தந்த சீட்டில்
ஆயிரத்து நானூற்று இருபது.
ஒன்பது மாதத்தை ஏழு என்று சொல்லி
அட்மிஷனுக்கு வந்தவளைப் பார்ப்பதுபோல்
ஜெசிந்தா அதைச் சுற்றிவந்து பார்த்தாள்.

திருமங்கலத்தில் ஒரு பொலேரோ பார்த்தோம்.
வெள்ளை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.
சாக்கை விரித்து அடியில் படுத்து டார்ச் அடித்தேன்.
இடது சேஸில், கறுப்புப் பூச்சுக்குக் கீழே
விரல் கனத்துக்கு ஒரு மேடு.
முறிந்து கூடிய எலும்பு.
முப்பத்தோரு வருடம் பார்த்தது, தப்பாது.
"எப்ப அடிபட்டது?" என்றேன்.
"அடியே படலம்மா."
எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்,
மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்ன
அத்தனை பெண்களும்.

கடைசியில் உசிலம்பட்டிப் பல் டாக்டர் வீட்டு சஃபாரி.
பானட்டில் வெயில் தின்ற வட்டம்,
ஏசியைப் போட்டால் ஈரச் சாக்கு வாசம்.
சேஸ் சுத்தம்.
நாகூர்கனி பிரேக்கை நாலு தடவை மிதித்தார்.
"இது ரெண்டு டன்னுக்கு ஒட்டி வரும்.
முன்னால போறது கனமா இருக்கணும்,
பின்னால வர்றது லேசா.
மாறிப்போச்சுன்னா
யாரு யாரை இழுக்குறாங்கன்னு தெரியாது."

கேரவனை இளைக்க வைத்தோம்.
ஏசி போனது, ஜெனரேட்டர் போனது,
தேக்குக் கட்டில் போய் நைலான் கட்டில் வந்தது.
நான் கொண்டுவந்த கிரைண்டரை
நானே திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன்.
கண்ணாடியைக் கழற்ற வந்தபோது
ஜெசிந்தா குறுக்கே நின்றாள்.
இருபத்தெட்டு கிலோ என்றேன்.
"சுத்தி லைட்டு எரிய
ஒரு நாளாவது தலை சீவிக்கிறேன்டி."
அதற்கு மேல் வைக்க
என்னிடம் எடைக்கல் இல்லை.

அலங்காநல்லூரில் கரும்பு லோடு அடித்த மொக்கச்சாமி
வந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் டேங்கைத் தட்டினார்.
"இது பின்னாடி இருந்தா வால் ஆடும்.
வால் ஆடுனா தலையும் ஆடும்.
முன்னாடி தள்ளுங்க."
தள்ளினோம்.
கொக்கி முனைக்குக் கீழே
ஜெசிந்தாவின் குளியலறை எடை மெஷினை வைத்தோம்.
நூற்றுப் பதினெட்டு.
"நம்மளவிட அது பரவாயில்ல" என்றாள்,
யாரைச் சேர்த்து என்று சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரை.
மேலூர் ரோட்டில் காலி வண்டிகளுக்கு நடுவே
ஒத்தக்கடை சிக்னல் சிவப்பு.
மிதித்தேன்.
சஃபாரி நின்றது.
அரை நொடி கழித்து முதுகில் ஒரு சின்னத் தட்டு,
பின்னால் பதினான்கு பல்பும் கிணுகிணுத்து
அடங்கின.

பச்சை விழுந்தது.
ஹாரன் அடித்தார்கள்.
இன்னொரு தடவை நிறுத்திப் பார் என்றாள் ஜெசிந்தா.