நாலு விரல்

தரைக்கும் வண்டிக்கும் நடுவே
நாலு விரல் இடம்.
காளவாசலில் சாவி கொடுக்கும்போதே
கையைக் குறுக்கே பிடித்துக் காட்டினார் முதலாளி.
"அடியில கீறல் விழுந்தா
உன் சம்பளத்துல விழுந்த மாதிரி."

மஞ்சள் நிறம். இரண்டே இருக்கை.
ஒருநாள் மாப்பிள்ளைக்கு வாடகை.

அதில் ஏறுவது என்று கிடையாது,
வாய்க்காலில் இறங்குவதுபோல் இறங்கவேண்டும்.
இறங்கிவிட்டால் ஊரெல்லாம் முழங்கால்.
வேட்டிக் கரை, பால் கேனின் அடிப்பாகம்,
பைபாஸில் என் காதுக்கு நேரே சுழலும்
அரசுப் பேருந்தின் சக்கர நட்டுகள்.
நாகமலை இன்னொரு மடங்கு வளர்ந்து
பல்கலைக்கழகம் வரை கூடவே வந்தது.

செக்கானூரணி தாண்டும்வரை அது கார்.
நூற்றிருபதில் போனேன்,
முதலாளியிடம் எண்பது என்று சொல்வேன்.
பிறகு உள்ளே பிரியும் சாலையில்
அது சினையாடு.
வயிற்றைத் தூக்கிக்கொண்டு
ஒவ்வொரு காலாக வைத்தது.

ஒரு கோழி அடிபட்டதற்கு ஒரு மேடு.
ஒரு பிள்ளை விழுந்ததற்கு ஒன்று.
எதிர்வீட்டுக்காரன் போட்டுவிட்டானே என்று
இன்னொன்று, இன்னும் உயரமாக.
நேராக ஏறக்கூடாது.
கோணலாக, இடது சக்கரம் முதலில்,
மூச்சைப் பிடித்து.
மூச்சைப் பிடித்தால் வண்டி எழும்பும் என்று
யார் எனக்குச் சொன்னது?
பின்னால் லோடு ஆட்டோக்காரன் கேட்டான்:
"அண்ணே, தூக்கி விடட்டா?"

ஒச்சப்பன் ஏறி உட்கார்ந்ததும்
ஒரு விரல் போய்விட்டது.
மாலையோடு தொண்ணூறு கிலோ இருப்பான்.
வரும்போது தப்பித்த இடத்திலேயே
கரகர என்று ஒரு சத்தம்,
என் பல்லில் கேட்டது.

அவன் இறங்கினான்.
மாலையைக் கழற்றி இருக்கையில் வைத்து
அதற்கு பெல்ட் மாட்டினான்.
பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
வண்டிக்கு முன்னால் நடந்தான்.
"வாங்கண்ணே. இந்த ரோடு நாங்க போட்டது."

கான்ட்ராக்டில் கூலியாக
மூன்று வருஷம் முன்னால் போட்டிருக்கிறான்.
"இங்கிட்டு ஒடிங்க. இங்க வெறும் ஜல்லிதான்,
அன்னைக்கு ராத்திரி தார் டின் ரெண்டு காணாமப் போச்சு.
நில்லுங்க. இது குடிதண்ணிக் குழாய்க்கு நோண்டுனது,
எங்க மேல தப்பு இல்ல."
மேளக்காரர்கள் டெம்போவின் பலகையைக் கழற்றிப்
பள்ளத்தின்மேல் போட்டார்கள்.
ஏறி இறங்கினேன்.
அவர்களும் சும்மா வருவானேன் என்று
வாசிக்கத் தொடங்கினார்கள்.

கருவேலங்காட்டு வளைவில்
அவன் நின்று திரும்பினான்.
முகத்தில் வேறு ஒரு வெளிச்சம்.
"இனி பயமில்லண்ணே. இருநூறு அடி, நல்ல எடம்.
ரோலர் பக்கத்துல நின்னு
நாந்தான் தண்ணி ஊத்துனேன்.
ஒரு கல்லு பெயரல பாத்தீங்களா?"
பார்த்தேன்.
சரசரவென்று போகச்சொல்லிக் கையை வீசினான்.
போனேன்.

உசிலம்பட்டி மண்டபத்தில்
முகூர்த்தம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது.
தாலி கட்டி வெளியே வந்த நாகஜோதி
குனிந்து உள்ளே பார்த்தாள்.
"இதுல என்ன, படுத்துக்கிட்டா போகணும்?"
இருவரும் லோடு ஆட்டோவில் ஏறிப் போனார்கள்,
நாற்காலிகளுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே.
மாலையிலிருந்து உதிர்ந்த சம்பங்கி
என் பக்கத்து இருக்கையில் கிடந்தது.

ராத்திரி காளவாசலில்
முதலாளி போன் வெளிச்சத்தோடு மல்லாந்து படுத்து
வண்டிக்கு அடியில் போனார்.
கால்கள் மட்டும் வெளியே.
"புதுசா இருக்கே.
ஒரு முழம் நீளம்."
எந்த இடம் என்று கேட்டார்.

எனக்குத் தெரியும்.
அந்த இருநூறு அடியின் கடைசியில்,
ரோலர் திரும்பியிருக்க வேண்டிய இடத்தில்
ஒரு சின்னப் புடைப்பு.
அவன் முன்னால் நடந்துகொண்டிருந்தான்,
மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது.

"ரோடு நல்ல ரோடுதாண்ணே," என்றேன்,
"நாந்தான் சரியா ஏத்தல."
எண்ணூறு பிடித்துக்கொண்டார்.